பதினான்காம் நிபந்தனை

2018 நவம்பர் 5, திங்கள்

புதிய கணினி இன்று முறைப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஏதென்ஸுக்கு அப்பாலுள்ள எங்கள் துறைமுக நகர நீதிமன்றத்தின் பதிவாளர் என்ற முறையில் ஏற்பு ஆவணத்தின் பதினொரு பக்கங்களிலும் கையெழுத்திட்டேன். ஒப்பந்த நிறுவனத்தின் ஆள் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தார். பதினான்காவது வந்தபோது எங்கள் கணினிப் பொறுப்பாளர் ஆர்ஜிரோ சன்னல் பக்கம் திரும்பித் துறைமுகத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

அந்த நிபந்தனை நான் எழுதியது. காரணத்தை இங்கே குறித்து வைக்கிறேன். பின்னாளில் யாரேனும் கேட்டால் நினைவை மட்டும் நம்பிப் பதில் சொல்லக் கூடாது. நாம் ஸ்கிரிப்டாக எழுதிக் கொடுக்கும் கட்டளைகளை வரிவரியாகப் படித்து நிறைவேற்றும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். எங்கள் பதிவேடு, கெடுக் கணக்கு, சான்றிதழ் எல்லாம் அதன் வழியேதான் நடக்கின்றன. அதற்கு இரண்டு நடத்தைகள் உண்டு. தன் பழைய வழக்கங்களை விடாமல் நடப்பது தளர்வு முறை. எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்ட தரநிலையை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுவது கண்டிப்பு முறை. ஒரு நீதிமன்றத்தின் கணினி வழக்கப்படி நடப்பதா, எழுதப்பட்ட விதிப்படி நடப்பதா? ஆகவே: "இக்கணினியில் ஷெல் எல்லா நேரத்திலும், எல்லாப் பணிகளுக்கும், கண்டிப்பு முறையிலேயே இயங்க வேண்டும். விலக்கு கிடையாது."

தரநிலையைக் கோடை முழுவதும் பென்சிலும் கையுமாகப் படித்தேன். நன்றாக எழுதப்பட்ட சட்டம் தரும் நிம்மதி அதில் இருந்தது. ஆர்ஜிரோவுக்கு அந்த நிம்மதி இல்லை.

"சார், தரநிலைங்கிறது சுவிசேஷம் இல்ல. நூறு பேரு சண்டை போட்டு, களைச்சுப் போயி, சரி இதோட நிறுத்திக்கலாம்னு ஒத்துக்கிட்டது. நம்ம ஸ்கிரிப்ட் எல்லாம் பதினொரு வருஷமா தளர்வு முறையிலயே வளந்தது. திடீர்னு பெல்ட்டை இறுக்கினா எங்க பிதுங்கும்னு யாருக்குத் தெரியும்?"

"பிதுங்கினால் தெரிந்துவிடும் அல்லவா?"

"எல்லாம் சத்தம் போட்டுப் பிதுங்காது சார்."

சிகரெட் பிடிக்க வெளியே போய்விட்டாள். திறமைசாலி. ஒழுங்கு போதாது.

நவம்பர் 26, திங்கள்

புனித ஸ்டிலியானோஸ் திருநாள். அவர் பெயர் கொண்டவர்களுக்கு, ஸ்டெல்லா என்ற பெண்களுக்கும், இன்று நாம விழா; அப்படி அலுவலகத்தில் மூவர். மூவரும் இனிப்புக் கொடுத்தார்கள். மாலையில் வயிறு மந்தம்.

நவம்பர் 27, செவ்வாய்

மழை. காலையில் இருபத்திரண்டு சான்றிதழ்களில் கையெழுத்திட்டேன். விசேஷம் ஒன்றுமில்லை.

டிசம்பர் 11, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

பத்து மணிக்கு வழக்கறிஞர் ஸ்டாத்திஸ் ஒரு பெண்ணோடு என் அறைக்குள் வந்தான். கதவைத் தட்டவில்லை. வழக்கமாக முகப்பு மேசையில் எல்லோரிடமும் வேடிக்கை பேசுகிறவன். இன்று முகம் வெளுத்திருந்தது. அந்தப் பெண்ணின் பெயர் எவான்தியா, துறைமுகத்துப் பள்ளியில் ஆசிரியை. அவளுடைய ஆறு வயது மகள் ஸ்டெல்லா தந்தையோடு மெல்போர்னில் வசிக்க வேண்டும் என்பது எங்கள் நீதிமன்றத்தின் தீர்ப்பு. மேல்முறையீட்டுக்குக் கெடு முப்பது நாள். கடைசி நாள் நவம்பர் 26. கெடு முடியும்வரை குழந்தை நாட்டை விட்டுப் போக முடியாது. விமான நிலையத்துத் தடைப் பட்டியலில் அவள் பெயர் இருக்கும்.

ஸ்டாத்திஸ் 26 மாலை நான்கே காலுக்கு மேல்முறையீட்டை மின்வழியில் அனுப்பினானாம். எங்கள் பதிவேட்டிலோ அது 27ஆம் தேதி வந்ததாக இருக்கிறது. ஆகவே கெடு கடந்தது. ஆகவே "கெடுவுக்குள் மேல்முறையீடு செய்யப்படவில்லை" என்று நான் சான்றிதழ் வழங்கியிருக்கிறேன். ஆகவே தடைப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டது. வரும் 19ஆம் தேதிக்கு விமானச் சீட்டு எடுத்தாயிற்று. தந்தை தொலைபேசியில் சொல்லித்தான் அவளுக்கே தெரிந்திருக்கிறது.

பதிவுச் சீட்டு மறுநாளே அவன் கைக்கு வந்திருக்குமே, அதில் தேதியைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"பாக்கல சார்! யாரு பாப்பா? அனுப்புனவன் நானு. எப்ப அனுப்புனேன்னு எனக்குத் தெரியாதா? எண்ணைக் குறிச்சுக்கிட்டேன், ஃபைல்ல போட்டேன்."

பதிவேட்டின் தேதியே சட்டப்படி செல்லும் என்று சொன்னேன். அதைச் சொன்ன குரல் என்னுடையதுதான். நிதானமாக இருந்தது.

அந்தப் பெண் என் மேசையருகே வந்தாள். "அன்னைக்குப் புனித ஸ்டிலியானோஸ் நாள், ஸ்டெல்லாவோட நாம விழா சார்," என்றாள். "ஸ்டாத்திஸ் அனுப்பிட்டு நேரா எங்க வீட்டுக்குத்தான் வந்தாரு. கேக் சாப்பிட்டாரு. அவ மூக்குல க்ரீமைத் தடவி விட்டாரு. அது எப்படி சார் 27 ஆகும்?"

பார்க்கிறேன் என்றேன்.

டிசம்பர் 12, புதன்

முதலில் மூல ஆதாரம். மின்வழி வரும் மனுக்கள் வந்த கணத்தின் நேரக்குறிப்போடு ஒரு பெட்டியில் விழும். அதைத் திறந்தால் முடிந்தது. ஆனால் தனிநபர் தகவல் பாதுகாப்பு விதிப்படி அந்தப் பெட்டி பத்து நாளுக்கு ஒருமுறை அழிக்கப்படுகிறது. 27க்கும் இன்றைக்கும் பதினைந்து நாள்.

அடுத்தது, பதிவு செய்யும் ஸ்கிரிப்ட். ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு அது தானாக ஓடும். முந்தைய நாள் காலையிலிருந்து வந்தவற்றை வழக்கு எண் வரிசையில் எடுத்து, ஒவ்வொன்றையும் முந்தைய நாள் தேதியிட்டுப் பதியும். நள்ளிரவு தாண்டி வந்ததற்கு மட்டும் அன்றைய தேதி. எழுதியவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். பதினொரு ஆண்டுகளாக ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

ஆர்ஜிரோ என் முன்னாலேயே மாதிரி மனுக்கள் ஒன்பதைச் செய்து, அதே ஸ்கிரிப்டை ஓட்டினாள். ஒன்பதிலும் தேதி சரி. மீண்டும் ஓட்டினாள். சரி. நான்கு முறை.

"பாருங்க சார், கிளி மாதிரி சொல்லுது. மெஷின்ல ஒண்ணுமில்ல."

அப்படியானால் ஸ்டாத்திஸ் பொய் சொல்கிறான். அல்லது அந்தப் பெண். அப்படி நினைத்தவுடன் ஒரு கணம் எனக்கு ஆறுதலாக இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 13, வியாழன்

ஆறுதல் நிலைக்கவில்லை. பதிவேட்டை அச்சிட்டு வரிவரியாகப் படித்தேன். நவம்பர் 27 காலையில் பதியப்பட்டவை ஒன்பது. முதல் மூன்றும் தேதி 26. நான்காவது, எப்போதும் நள்ளிரவு தாண்டியே அனுப்பும் ஒரு வழக்கறிஞருடையது. தேதி 27, அது சரி. ஐந்திலிருந்து ஒன்பது வரை எல்லாமே 27. எவான்தியாவுடையது ஏழாவது.

ஐந்து பேருமா நள்ளிரவுக்குப் பிறகு அனுப்பினார்கள்?

பழைய நாட்களைப் பார்த்தேன். நவம்பர் 5க்கு முன், ஒரே காலையில் இரண்டு தேதிகளும் கலந்து கிடக்கின்றன, இயல்பாக. அதற்குப் பின் ஒருமுறைகூடக் கலக்கவில்லை. நள்ளிரவு தாண்டிய மனு எந்த இடத்தில் வருகிறதோ, அதற்குக் கீழே அன்று உள்ளவை அனைத்தும் அதே தேதிக்குத் தாவிவிடுகின்றன. அறுபத்தொரு பதிவுகள். பெரும்பாலானவற்றுக்கு ஒரு நாள் முன்பின் ஆனாலும் நட்டமில்லை, ஆகவே யாரும் கேட்கவில்லை.

அச்சுத் தாள்களை எடுத்துக்கொண்டு தலைமை நீதிபதி ஹரிக்லியா அம்மையாரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இருபது ஆண்டுப் பழக்கம். அது நல்ல அறிகுறி இல்லை.

"கலானிஸ், ஆர்ஜிரோ நாலு தடவை ஓட்டிக் காட்டினாளாம். நாலு தடவையும் சரியா வந்துச்சாம். அப்ப மெஷின் தப்புப் பண்ணல. பதிவேட்டுல கைவைக்க அதிகாரம் இருக்கிறவங்க இந்தக் கட்டடத்துல ரெண்டு பேரு. அதுல ஒருத்தர் நீங்க. தந்தையோட வக்கீல் 27ஆம் தேதி காலையில ஒம்போது பத்துக்கே வந்து சான்றிதழை வாங்கிட்டுப் போயிருக்காரு. நான் எதுவும் சொல்லல. ஆனா கேக்கிறவன் என்ன கேப்பான்?"

முப்பத்தொரு ஆண்டுப் பணியில் ஒருவரிடமும் ஒரு காப்பிகூட வாங்கிக் குடித்ததில்லை. இதைச் சொல்ல வாயெடுத்தேன்; குற்றம் சாட்டப்பட்டவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள் என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டேன்.

ஆறு நாள் இருக்கிறது.

டிசம்பர் 14, வெள்ளி

கண்டுபிடித்தோம்.

ஆர்ஜிரோவிடம் கடைசி முறையாகக் கேட்டேன்: காலை ஆறு மணிக்குத் தானாக ஓடுவதற்கும் நீ கையால் ஓட்டுவதற்கும் ஏதேனும் வேறுபாடு உண்டா? அவள் உதட்டில் வைத்த சிகரெட்டைப் பற்ற வைக்காமலே நின்றாள்.

"திட்டாதீங்க சார்."

"சொல்லு."

"உங்க பதினாலாவது நிபந்தனை… மெஷினுக்குள்ள நான் நுழையுற என் கணக்குல மட்டும் அதை எடுத்து விட்டுட்டேன். மொத நாளே. என் சாமான் பாதி ஓடல, என்ன பண்ணச் சொல்றீங்க? நான் எதை ஓட்டினாலும் தளர்வு முறையிலதான் ஓடும். காலையில தானா ஓடுறது மட்டுந்தான்…"

"கண்டிப்பு முறையில்."

"ஆமா."

விலக்கு கிடையாது என்று எழுதியிருந்தேன். விலக்கு முதல் நாளே இருந்திருக்கிறது. அதைக் கொண்டுதான் நான்கு முறை சோதித்திருக்கிறோம். அவள் தன் கணக்கையும் கண்டிப்பு முறைக்கு மாற்றி ஓட்டினாள். மூன்று 26. ஒரு 27. அதன்பின் ஐந்தும் 27. ஆர்ஜிரோ சிலுவைக் குறியிட்டுக்கொண்டாள். அவள் கோயிலுக்குப் போகிறவள் அல்ல.

காரணம் இவ்வளவுதான். நள்ளிரவு தாண்டிய மனு வரும்போது, பதியும் கட்டளைக்கு முன்னால் "தேதி: இன்று" என்று ஒரு சீட்டை ஸ்கிரிப்ட் ஒட்டுகிறது. அந்த ஒரு மனுவுக்கு மட்டும் என்பது எழுதியவரின் எண்ணம். தளர்வு முறையில் அந்த வேலை முடிந்ததும் சீட்டு கிழித்துப் போடப்படும். அடுத்த மனு தன் தேதியோடு போகும். கண்டிப்பு முறையில், குறிப்பிட்ட சில கட்டளைகளுக்கு முன்னால் ஒட்டிய சீட்டு, வேலை முடிந்த பிறகும் அப்படியே நிற்கும். அடுத்து வருபவருக்கும் அதே தேதி. அவருக்கு அடுத்தவருக்கும். தரநிலை அப்படித்தான் சொல்கிறது. பிழை இல்லை. கணினி எழுத்துப் பிசகாமல் கீழ்ப்படிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கோடையில் படித்த பிரதியை எடுத்தேன். அந்தப் பத்தி இருக்கிறது. அடிக்கோடு இருக்கிறது. ஓரத்தில் என் கையெழுத்தில், பென்சிலால், ஒரே ஒரு சொல்: "தெளிவு."

படித்திருக்கிறேன். புரிந்தும் இருக்கிறது. பதினொரு வருஷமா ஓடிக்கிட்டு இருக்கிற ஒரு ஸ்கிரிப்ட் அதைத் தெரியாமலே எதிர்பார்த்துக்கிட்டு இருக்கும்னு தோணவே இல்லையே. ஏன் தோணல? ஏன்?

டிசம்பர் 15, சனி

சாப்பிடவில்லை. என் மனைவி ஃபொத்தினி தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். எவ்வளவு சுருக்கமாக முடியுமோ அவ்வளவு சுருக்கமாக அவளிடம் சொன்னேன்.

"தப்புப் பண்ணிட்டேன்னு இருபத்தெட்டு வருஷத்துல உங்க வாயிலேந்து இப்பதான் மொத தடவையா கேக்கிறேன்," என்றாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தக் குழந்தை எப்படி இருப்பா?" என்று கேட்டாள்.

தெரியாது. பார்த்ததில்லை. பதிவேட்டில் படம் கிடையாது.

டிசம்பர் 16, ஞாயிறு

இரண்டு வழிகள்.

இயந்திரக் கோளாறு என்று பிரமாணப் பத்திரம் கொடுக்கலாம். எனக்குப் பாதுகாப்பு. ஆனால் ஒப்பந்த நிறுவனத்தைக் கேட்காமல் நீதிமன்றம் அதை ஏற்க முடியாது. நிபுணர் ஒருவரை அமர்த்த வேண்டும், அறிக்கைக்குக் குறைந்தது இருபது நாள். குழந்தை 19ஆம் தேதி போய்விடுவாள். மெல்போர்னில் இருப்பவளை ஒரு காகிதம் திரும்ப அழைத்து வராது. வந்தாலும் எத்தனை ஆண்டு ஆகும், வரும்போது அவள் எந்த மொழி பேசுவாள்?

அல்லது, பதிவாளரின் பிழை. அதற்கு நிபுணர் தேவையில்லை. பதிவாளரே தன் பதிவு தவறு என்று காரணத்தோடு பிரமாணம் செய்தால், நீதிபதி அன்றே திருத்த உத்தரவிடலாம். பதிவாளர் பிறகு என்ன ஆவார் என்பதற்கு வேறு விதி இருக்கிறது.

காலையில் எழுதிய வரைவு: "பதிவேட்டில் தவறு நேர்ந்திருக்கக் கூடும் என அறியப்படுகிறது." படித்துப் பார்த்தேன். யார் செய்தது, யார் அறிந்தது, எதுவுமில்லை. இப்படிப்பட்ட வாக்கியங்களை முப்பத்தொரு ஆண்டுகளாகக் கட்டியிருக்கிறேன்.

மாலையில் எழுதியது: "தவறு என்னுடையது. பதினான்காம் நிபந்தனையை நான் எழுதினேன். பழைய ஸ்கிரிப்டுகள் கண்டிப்பு முறையில் எப்படி நடக்கும் என்று சோதிக்கச் சொல்லி என் அலுவலர் எச்சரித்தும் நான் சோதிக்கவில்லை."

ஆர்ஜிரோ அப்படியே எச்சரித்தாளா? பெல்ட் என்றாள், பிதுங்கும் என்றாள். பிரமாணப் பத்திரத்தில் ஒரு சொல்லும் கூடக் கூடாது. "சோதிக்கச் சொல்லி" என்பதை அடித்துவிட்டேன். எஞ்சியது போதுமானது.

டிசம்பர் 17, திங்கள்

ஒப்பந்த நிறுவனத்திலிருந்து இரண்டு வரிப் பதில்: "கணினி பதினான்காம் நிபந்தனைக்கு முழுமையாக உட்பட்டே இயங்குகிறது. நிபந்தனையின் நகல் இணைக்கப்பட்டுள்ளது." என் வாக்கியத்தை எனக்கே அனுப்பியிருக்கிறார்கள்.

ஹரிக்லியா அம்மையார் என் பத்திரத்தை இரண்டு முறை படித்தார். "இதுல கையெழுத்துப் போட்டா திரும்பி வர வழியில்ல, தெரியும்ல?" என்றார். "அறுபத்தொரு பதிவும் திறக்கணும். பத்திரிகைக்காரன் வருவான். ஓய்வுக்கு இன்னும் எத்தனை வருஷம் உங்களுக்கு?"

"மூன்று."

"மெஷின்னு சொல்லிடுங்களேன், மனுஷா."

"இயந்திரம் இல்லை அம்மா."

அவர் தம் பேனாவை என் பக்கம் தள்ளினார். விசாரணை நாளை பகல் பன்னிரண்டு மணிக்கு. ஸ்டாத்திஸின் மனுவோடு சேர்த்து. எதிர்த்தரப்புக்கு அறிவிப்புப் போய்விட்டது, போகாமல் முடியாது.

டிசம்பர் 18, செவ்வாய்

இன்றும் வரிசையாகவே எழுதுகிறேன்.

நீதிமன்ற அறையில் ஆர்ஜிரோ சுவரில் திரையை விரித்து ஸ்கிரிப்டை இருமுறை ஓட்டிக் காட்டினாள். தளர்வு முறை: நான்காவது மட்டும் 27. கண்டிப்பு முறை: நான்காவதும், அதற்குப் பின் எல்லாமும். பின்வரிசையில் யாரோ "அட" என்றார்கள்.

தந்தையின் வழக்கறிஞர் எழுந்தார். "அப்படியென்றால் இயந்திரம் பழுது. நிபுணரை அமர்த்துங்கள்."

"பழுது இல்லை," என்றேன். "சொன்னதைச் செய்தது. சொன்னவன் நான்."

"முப்பத்தொரு வருஷ சர்வீஸ், தரநிலையைப் படிச்சிருக்கீங்க, இந்தப் பக்கத்தை மட்டும் படிக்கலையா?"

"படித்தேன். அடிக்கோடும் போட்டிருக்கிறேன்." பிரதியை எடுத்துக் காட்டினேன். "தெளிவு" என்ற அந்தச் சொல்லை நீதிபதி உரக்க வாசித்தார். எழுத்தர் அதைப் பதிவு செய்தார். என் வாழ்நாளில் என்னைப் பற்றி எழுதப்பட்ட மிகச் சரியான குறிப்பு அதுவாக இருக்கக் கூடும்.

தந்தை வரவில்லை. அவர் நாற்காலி காலியாக இருப்பதை நான்தான் முதலில் கவனித்தேன். ஸ்டாத்திஸிடம் சைகை செய்தேன். அவன் எவான்தியாவைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே தொலைபேசியோடு வெளியே ஓடிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து சொன்னாள்: நேற்றிரவு தந்தையிடம் தங்கப் போன குழந்தையை இன்று பள்ளிக்கே அனுப்பவில்லை. விமானச் சீட்டை மாற்றிவிட்டார்கள். நாளை அல்ல, இன்று மாலை ஐந்தே காலுக்கு. காலையிலேயே ஏதென்ஸுக்குப் புறப்பட்டாயிற்று.

அவரைக் கெட்டவர் என்று எழுத மாட்டேன். சீட்டு எடுத்தது என் கையெழுத்தை நம்பி.

சான்றிதழ் ரத்து, பயணத் தடை: உத்தரவு இரண்டு நாற்பதுக்குக் கையெழுத்தானது. இரண்டு ஐம்பதுக்கு விமான நிலையக் கடவுச்சீட்டுப் பிரிவுக்குத் தொலைநகல் போனது. மூன்று மணிக்குத் தொலைபேசி செய்தேன். எடுத்தவர் ஒரு காவல் சார்ஜென்ட்.

"தாள் வந்துருச்சுங்க. ஆனா எங்க பட்டியல் அமைச்சகத்துலேந்து வர்றது. தினமும் காலையில ஆறு மணிக்குத்தான் ஏறும். நாளைக்குக் காலையில பேரு வந்துரும்."

"விமானம் இன்று மாலை."

"புரியுதுங்க. ஸ்கிரீன்ல பேரு இல்லாம நான் யாரையும் நிறுத்தக் கூடாது. விதி அப்படி."

விதி. காலை ஆறு மணி. நான் எழுந்து நின்றுவிட்டேன். என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. இதை மட்டும் நினைவிருக்கிறது: "ஐயா, அந்த விதியை எழுதுனவனை மாதிரி ஒருத்தன்தான் பேசுறேன். நான் எழுதுன ஒரு வரியாலதான் அந்தப் புள்ள இப்ப வண்டியில உக்காந்திருக்கு. தாள் உங்க கையில இருக்கு. கையில இருக்கிறதைப் பாருங்க. கெஞ்சிக் கேக்கிறேன்." இருபது பேர் வேலை செய்யும் அறையில் இப்படிக் கத்தியிருக்கிறேன். எல்லோரும் தலை நிமிர்ந்து பார்த்தார்கள்.

மறுமுனையில் தாள் புரளும் சத்தம். பிறகு, "பாக்கிறேன்," என்றார். வைத்துவிட்டார்.

அதன்பின் எத்தனை முறை அழைத்தும் யாரும் எடுக்கவில்லை. ஐந்தே கால் ஆனது. ஐந்தரை ஆனது. எவான்தியா ஸ்டாத்திஸின் காரில் ஏதென்ஸுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள், நான்கு மணி நேரப் பாதை. ஆர்ஜிரோ என் மேசையில் ஒரு காப்பியை வைத்துவிட்டுப் போனாள். குடித்தேன்.

டிசம்பர் 19, புதன்

காலை எட்டே காலுக்கு ஸ்டாத்திஸ் அழைத்தான். தூங்காத குரல்.

சார்ஜென்ட் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு தாமே கீழே இறங்கி வரிசைக்குப் போனாராம். தந்தை சான்றிதழை நீட்டியிருக்கிறார், கத்தியிருக்கிறார், பிறகு தரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். குழந்தை அவர் தலையைத் தடவிக் கொடுத்ததாம். மேலதிகாரி வந்து, பட்டியலில் பெயர் இல்லாமல் எப்படி நிறுத்தினாய் என்று கேட்டதற்கு, "இந்த ஒரு தடவைக்கு மட்டும் சார். அடுத்த ஆளுக்குப் பட்டியல்படிதான்," என்றாராம்.

சரியாக அப்படித்தான் சொன்னாரா என்று இருமுறை கேட்டேன். ஸ்டாத்திஸுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ஆமாங்க சார், அப்படியேதான் சொன்னாரு. ஏன்?"

ஒன்றுமில்லை என்றேன்.

2019 பிப்ரவரி 21, வியாழன்

ஒழுங்கு நடவடிக்கை முடிந்தது. பதிவாளர் பதவி நீக்கம். ஓய்வுவரை கீழ்த்தளப் பழைய ஆவண அறை. எவான்தியாவின் மேல்முறையீடு கெடுவுக்குள் வந்ததாக ஏற்கப்பட்டு விசாரணையில் இருக்கிறது. அறுபத்தொரு பதிவுகளும் திருத்தப்பட்டன; அவற்றில் இரண்டில் திருத்தம் வந்தபோது காலம் கடந்துவிட்டது. அந்த இருவரின் பெயர்களும் எனக்குத் தெரியும். இங்கே எழுதவில்லை. மறக்கப் போவதுமில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

ஆர்ஜிரோ கீழே வந்தாள். எல்லா ஸ்கிரிப்டுகளையும் திருத்தி முடித்துவிட்டாளாம். இரண்டு முறைகளிலும் ஓட்டி, இரண்டிலும் ஒரே விடை வந்தால்தான் காலைப் பணியில் சேர்க்கிறாளாம். "இப்ப உங்க பதினாலு இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான் சார்," என்றாள். ஈரம் படிந்த சுவரைப் பார்த்துவிட்டு, "இங்க சிகரெட் பிடிச்சா யாருக்கும் தெரியாதுல்ல?" என்றாள்.

விதிப்படி கூடாது என்றேன். பிறகு சன்னலைத் திறந்து விட்டேன்.

நவம்பர் 26, செவ்வாய்

புனித ஸ்டிலியானோஸ் திருநாள். மதியம் கீழ்த்தளக் கதவருகே சின்னக் காலடிச் சத்தம் கேட்டது. முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சிறுமி, இரண்டு கைகளாலும் ஒரு தட்டைச் சாயாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே எல்லோருக்கும் கொடுத்துவிட்டாளாம். கீழேயும் ஒருவர் இருப்பதாக அம்மா சொன்னாராம்.

"எனக்கு இன்னைக்கு நாம விழா. ஒண்ணு எடுத்துக்கோங்க. ஒண்ணுதான்."

எடுத்துக்கொண்டேன். பல்லாண்டு வாழ்க என்று முறைப்படி வாழ்த்தினேன். மாடிப்படியின் மேலே யாரோ நின்றிருந்தார்கள்; கோட்டின் நுனி மட்டும் தெரிந்தது. இறங்கி வரவில்லை. போகவும் இல்லை.

சிறுமி தட்டில் மிச்சத்தை எண்ணிப் பார்த்தாள். பிறகு, "சரி, இன்னொண்ணும் எடுத்துக்கோங்க," என்றாள்.